ஓர் ஏக்கர் வாக்குறுதி: கலிபோர்னியா கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறைக்குத் திறந்த மடல்

இயக்குநர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஹம்போல்ட் கவுண்டி மலைப்பகுதியில் உரிமம் பெற்றுக் கஞ்சா பயிரிடும் சில குடும்பங்களுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கஞ்சா என்றாலே போலீஸ் கேஸ் என்று கேட்டு வளர்ந்தவன். ஆகவே இந்தத் தொழிலுக்கு உரிமமும் சோதனையும் கட்டாயம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கி 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 64ஆம் முன்மொழிவில், திறந்த வெளியில் ஓர் ஏக்கருக்கு மேற்பட்ட பெரிய பண்ணைக்கு 2023 வரை உரிமம் கிடையாது என்று எழுதியிருந்தது. மலைச் சிறு விவசாயி காலூன்றக் கிடைத்த அவகாசம் அது. ஆனால் 2017 நவம்பரில் வந்த அவசர விதிகள் அந்த அவகாசத்தை ஓட்டையாக்கிவிட்டன. சிறு உரிமம் ஒன்றுக்கு 10,000 சதுர அடி, அதாவது கால் ஏக்கருக்கும் குறைவு. அத்தகைய உரிமம் ஒருவர் எத்தனை வாங்கலாம் என்பதற்கு மட்டும் வரம்பே இல்லை. பணமுள்ளவர்கள் அடுக்கிக்கொண்டே போனார்கள். சான்டா பார்பரா கவுண்டியில் பல ஏக்கர் பண்ணைகள் 'சிறு' உரிமங்களின் கட்டாகவே எழுந்தன. அந்த விதியை எழுதியது, அன்று சாகுபடி உரிமங்களுக்குப் பொறுப்பாயிருந்த மாநில உணவு, வேளாண் துறை. 2021 ஜூலையில் மூன்று அமைப்புகள் இணைந்து உங்கள் துறை உருவானபோது பொறுப்பும் உங்களிடம் வந்து சேர்ந்தது.

அதே ஆண்டு மொத்த விலை சரிந்தது. சாகுபடி வரியோ விலையைப் பார்க்காமல் எடைக்கு இவ்வளவு என்று நின்றது. 2022 ஜூலை 1 முதல் அதை நீக்கியது நல்ல காரியம். அதற்குள் பலர் கடனில் மூழ்கியிருந்தார்கள்.

என்னிடம் கணக்குப் பார்த்த ஒரு தம்பதி, பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு, அரசின் கண்காணிப்புப் பதிவுக்காக ஒவ்வொரு செடியின் அடையாள அட்டை எண்ணையும் இரவில் கணினியில் ஏற்றுவார்கள். பெரிய பண்ணைக்கு இந்த வேலைக்கென்றே ஆள் உண்டு. இவர்களுக்கு இவர்களேதான். கடைசியில் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான். இன்னும் மனம் ஆறவில்லை.

உரிமங்களை எண்ணாதீர்கள். ஒரே உரிமையாளரின் கையில் உள்ள மொத்தப் பரப்பை எண்ணுங்கள். அதற்கு வரம்பு வையுங்கள். ஓர் ஏக்கருக்கு உட்பட்டவர்களுக்குப் பதிவு வேலையைக் குறையுங்கள். சட்டத் திருத்தம் தேவையென்றால் சட்டமன்றத்திடம் நீங்களே கேளுங்கள்.

அந்தத் தம்பதி நிலத்தை இன்னும் விற்கவில்லை. விதி மாறினால், வரும் பருவத்துக்கே புது விண்ணப்பம் எழுதித் தருவேன்.

இப்படிக்கு,
ஹம்போல்ட் கவுண்டியிலிருந்து ஒரு கணக்காளர்