மேலவை மீண்டும் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சட்டப்பேரவையோடு இரண்டாவது அவையாக இருந்த தமிழக சட்ட மேலவை 1986-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கலைக்கப்பட்டது. அதை மீண்டும் அமைக்க 2010-ல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதால் அது திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு அவ்வப்போது தலைதூக்குகிறது. வேண்டவே வேண்டாம்.

மேலவை இடங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பட்டதாரிகள் தனியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, எங்கள் குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பொழுதுக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு ஓட்டு; பட்டம் வாங்கிய எனக்கு இரண்டு. இது என்ன நியாயம்? ஆறில் ஒரு பங்கு ஆளுநர் நியமனம் வேறு. 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமல், நியமன உறுப்பினராகவே முதல்வரானார்.

அறிஞர்கள் வருவார்கள் என்கிறார்கள். சரி, சட்டமன்றக் குழுக்களே அவர்களை அழைத்துக் கருத்துக் கேட்கலாமே!

மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மக்களோ 2021 அக்டோபர் வரை காத்துக் கிடந்தோம். முதலில் அந்தத் தேர்தலை உரிய காலத்தில் நடத்துங்கள். மேலவை உறுப்பினர்களின் சம்பளத்துக்கும் படிகளுக்கும் ஆகும் பணத்தை ஊராட்சிகளுக்குக் கொடுங்கள்.

– ஒரு வாசகர், குடியாத்தம்