என்ர பெடியன்ர நோவை நம்பின உங்கள் எல்லாருக்கும்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில போன மார்கழி, திருவெம்பாவை நடந்துகொண்டிருந்த ஒரு விடியக்காலமை வேலைக்கு நிண்ட டொக்டர்மார், மிஸ்மார், அற்றென்டன் அண்ணை எல்லாருக்கும் ஒரு தாய் எழுதிறன். உங்கட பேரைக்கூடக் கேட்டு வைக்காமல் வந்திட்டன், அந்த நேரம் எனக்கு ஒண்டும் ஓடேல்லை.

மகனுக்கு 17 வயசு. தகப்பன்ர பக்கத்தால சிக்கிள் செல், என்ர பக்கத்தால தலசீமியா எண்டு பரம்பரையா வாற ரெண்டு ரத்த வருத்தமும் சேந்து அவனுக்கு வந்திருக்கு. எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு வருத்தமும் இல்லாதபடியா அவனைச் சோதிக்கும் மட்டும் எங்களுக்குத் தெரியாது. சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு விறைச்சு சின்ன ரத்தக் குழாயளை அடைச்சுப்போடும், ரத்தம் போகாத எலும்பு உயிர் போற மாதிரி நோகும். கூதல், காய்ச்சல், தண்ணி காணாமை எல்லாம் அதைக் கிளப்பிவிடும். அண்டைக்கு சினேகிதப் பெடியளோட கோயிலுக்குப் போக எண்டு எனக்குச் சொல்லாமல் நாலு மணிக்கே கிணத்தில அள்ளிக் குளிச்சுப்போட்டு ஈரத்தலையோட பனிக்குள்ள நிண்டிருக்கிறான், அஞ்சு மணிக்கு முத்தத்தில விழுந்து கத்துறான், இடுப்பும் ரெண்டு தொடையும். அம்புலன்ஸ் நம்பர் 1990க்கு அடிச்சம், அந்தத் தம்பிமாரும் கெதியா வந்தவை, அவையளுக்கும் நன்றி.

வழி முழுக்க எனக்கு இருந்த பயம், இவனை நம்புவினமோ எண்டதுதான். முந்தி வேற ஒரு இடத்தில மூண்டு மணித்தியாலம் வாங்கில கிடந்தவன். பிறசர் சரி, காய்ச்சல் இல்லை, பிறகேன் உந்தக் கத்து எண்டு கேட்டவை, ஊசிக்குப் பழகின பெடியனோ எண்டும் என்ர காதுபடவே ஒராள் சொன்னது. ஊருக்குள்ள போதைவஸ்துப் பிரச்சினை இருக்கிறபடியா சந்தேகம் வாறது விளங்குது, ஆனா இந்த நோவை அளந்து காட்டுற சோதினை ஒண்டும் இல்லையே, பிள்ளை நோகுது எண்டு சொல்லுறதைத்தானே நம்பவேணும். அதுக்குப் பிறகு இவன் நோவை ஒளிக்கப் பழகிட்டான், பல்லைக் கடிச்சுக்கொண்டு போனைப் பாத்துக்கொண்டிருப்பான், பாக்கிறவைக்கு ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கும்.

நீங்கள் கிளினிக் கொப்பியைத் திறந்து பாத்தியள், "தம்பி, பத்துக்கு எத்தினை நோகுது?" எண்டு மிஸ் கேட்டவா, ஒம்பது எண்டான், அதோட சரி, திருப்பி ஒரு கேள்வி இல்லை. நான் சுவர் மணிக்கூட்டையே பாத்துக்கொண்டு நிண்டனான், அரை மணித்தியாலத்துக்குள்ள மோர்பின் எண்ட நோ ஊசி போட்டாச்சு. ரத்த ரிசல்ட் வரட்டும் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அமெரிக்காவில ரத்த வைத்தியர்மாற்ர சங்கம் 2020இல சொன்ன முறைப்படி வந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள முதல் மருந்து குடுக்கவேணுமாம், பிறகு அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருக்கா நோ எப்பிடி எண்டு திரும்பக் கேக்கவேணுமாம், கிளினிக் டொக்டர் பிறகு சொன்னவர். நீங்கள் அதைவிடக் கெதி, திரும்பத் திரும்ப வந்தும் கேட்டனீங்கள்.

பக்கத்துக் கட்டில் அம்மா பாவம், உதவி எண்டு ஐஸ் சுத்தின துணியோட வந்தவா. குளிர் பட்டால் குழாய் இன்னும் சுருங்கும் எண்டு மிஸ் அவவுக்கும் நோகாமல் விளங்கப்படுத்திப்போட்டு, தன்ர சுடுதண்ணிப் போத்திலைத் துவாயில சுத்தி இவன்ர இடுப்புக்கு வச்சவா. சேலைனும் அளவாத்தான், கூடினால் நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டுமாம். சின்ன டொக்டர் பிள்ளை ஒக்சிசன் பாத்து, நெஞ்சுக்குப் படமும் எடுப்பிச்சு, நுரையீரலுக்கை அடைச்சால் உயிருக்கே ஆபத்து, இருமல் காய்ச்சல் எண்டால் வீட்டில வச்சிருக்காதேங்கோ எண்டு எனக்கு இருந்து சொன்னவா. அந்த வாட்டில எவ்வளவு சனம் நிண்டது, அதுக்குள்ள எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்ட அண்ணையை நான் மறக்கமாட்டன்.

எட்டு மணிபோல இவன் கண்ணை மூடினான். நித்திரையாகேக்க, "அம்மா, இவை ஒண்டும் கேக்கேல்லை என்ன?" எண்டவன்.

மிஸ், உங்கட சுடுதண்ணிப் போத்தில் தவறுதலா எங்கட பையோட வந்திட்டுது. அடுத்த கிளினிக்குக்கு வரேக்க அவனே கொண்டு வந்து தரப்போறானாம்.