உட்கார ஒரு இடம்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிகளுக்கும் அண்ணாச்சிகளுக்கும் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். பல மாடி ஜவுளிக்கடை ஒன்றில், சேலைப் பிரிவில் நான்கு வருடம் நின்றவள் நான். வேலை பார்த்தவள் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் அந்த நான்கு வருடத்தை நினைத்தாலே நின்றதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. சென்னை தியாகராய நகரிலும், கோவை ஒப்பணக்காரத் தெருவிலும், திருச்சி என்.எஸ்.பி. சாலையிலும் நின்ற தோழிகள் எனக்கு உண்டு. பேசிப் பார்த்தால் எல்லார் கதையும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

காலை ஒன்பதரைக்குப் பிரிவில் நிற்க வேண்டும். இரவு ஷட்டர் இறங்க ஒன்பதரை, பத்து ஆகும். நடுவில் சாப்பிட அரை மணி நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பாதம் வீங்கி, கல்யாணமானவர்களுக்குக் கால் விரலில் மெட்டி இறுகிப்போகும். ராத்திரி ஹாஸ்டலில் எல்லாரும் சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுப்போம். அந்தச் சுவரில் வரிசையாகக் குதிகால் தடங்கள் இருக்கும். வெள்ளையடித்தாலும் ஒரே மாதத்தில் திரும்ப வந்துவிடும்.

கீழ்த்தட்டுச் சேலையைக் கேட்கிற கஸ்டமர் வந்தால் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். எடுக்கிற சாக்கில் ஒரு நிமிடம் குந்திக்கொள்ளலாம். "அக்கா, இதுக்கு அடியில இன்னும் நல்ல கலர் இருக்கு" என்று நாங்களாகவே அடித்தட்டைக் காட்டியதும் உண்டு. இன்னொரு இடம் கழிப்பறை. உட்காருவதற்காகவே அங்கே போனவர்கள் உண்டு. அடிக்கடி போனால் கேள்வி வரும் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்தவர்களும் உண்டு. மாதவிலக்கு நாட்களைப் பற்றி விவரமாக எழுத வேண்டியதில்லை, உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலே சொல்வார்கள். மூன்றாவது வருடம் என் கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டது. இன்று வரை அழுத்தமான காலுறை போட்டுக்கொண்டுதான் நடக்கிறேன். டாக்டர் முதலில் கேட்டதே, "நின்னுக்கிட்டே பாக்குற வேலையா?" என்றுதான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலை பார்த்த பெண்கள் பி. விஜி என்ற தையல் தொழிலாளியோடு சேர்ந்து 'பெண்கூட்டு' என்று அமைப்பு கட்டி, முதலில் கழிப்பறைக்கும் அப்புறம் இருக்கைக்கும் போராடினார்கள். 2018இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் 1947ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள வசதியாக, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். செய்தி வந்த அன்று ஹாஸ்டலில் நாங்கள் கைதட்டினோம். எங்கள் காலைப் பற்றிச் சட்டசபையில் பேசினார்கள் என்பதே எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

கடைக்கு ஸ்டூல்களும் வந்தன. பதினோரு பேர் நிற்கிற பிரிவுக்கு மூன்று. சேலை எடுக்க வந்தவர்களின் கணவர்கள் அதில் உட்கார்ந்து போன் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் கால் வலிக்கும். கூட்டம் இல்லாத நேரத்தில் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது, நாங்கள்தான் உட்காரவில்லை. கஸ்டமர் இருந்தால் உட்காரக் கூடாது. கஸ்டமர் போய்விட்டால் பிரித்துப் போட்டதை மடிக்க வேண்டும். மடித்து முடித்தால் அடுக்க வேண்டும். அடுக்கியும் முடிந்துவிட்டால், "சும்மாதானே நிக்கிற, அந்த ரேக்கைக் கலைச்சு மறுபடி அடுக்கு" என்பார் சூப்பர்வைசர். அவரையும் குறை சொல்ல முடியாது. மேலே கேமரா இருக்கிறது, அவரும் பதில் சொல்ல வேண்டும்.

முதலாளிகளே, நான் எழுத வந்ததே இதைத்தான். வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது சட்டம். அந்த வாய்ப்பு கிடைப்பதும் கிடைக்காததும் உங்கள் கையில் இருக்கிறது. உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை வராமல் எந்தப் பெண்ணும் அந்த ஸ்டூலைத் தொட மாட்டாள்.

ஒரு காலத்தில் ஜவுளி வியாபாரமே உட்கார்ந்துதான் நடந்தது. என் சின்ன வயதில் அம்மாச்சி என்னை மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கக் கூட்டிப் போவார். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் முதலாளி திண்டில் சாய்ந்திருப்பார். துணி எடுத்துப் போடுகிறவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரே பாயில் நாங்கள். சேலை மடியில் வந்து விழும். பேரம் பேசி முடிவதற்குள் காபி வந்துவிடும். காஞ்சிபுரத்தில் பட்டு எடுக்கப் போனால் இன்றைக்கும் பாயில் உட்கார வைத்து விரித்துக் காட்டுகிற கடைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்திருக்கிற விற்பனையாளரைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை.

1991இல் நாட்டின் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதற்கு அப்புறம் எல்லாமே பெரிதானது. ஜனங்கள் கையில் காசு புழங்கியது, ரெடிமேட் வந்தது, ஒற்றை மாடிக் கடை ஏழு மாடி ஆனது. இந்த வளர்ச்சி எனக்கும் சோறு போட்டது, அதை மறக்க மாட்டேன். மழை பொய்த்த ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு இருந்த எனக்கு உங்களைப் போன்ற ஒருவர் கொடுத்த வேலைதான் கையில் முதல் சம்பளத்தைக் கொடுத்தது. தம்பி காலேஜ் படித்தது அந்தப் பணத்தில்தான். நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனால் கடை மேலே மேலே எழும்பியபோது பாயும் திண்டும் காணாமல் போயின, அவற்றுக்குப் பதிலாக எங்களுக்கு எதுவும் வரவில்லை.

"கஸ்டமர் முன்னாடி உட்கார்ந்தால் மரியாதையா இருக்காது" என்று சொல்வீர்கள். உங்கள் கடையிலேயே பில் போடுகிறவர் உட்கார்ந்துதான் போடுகிறார். அவர் எழுந்து நிற்கவில்லை என்று எந்தக் கஸ்டமரும் பணம் கட்டாமல் போனதில்லை. பேங்கிலும் ரயில்வே கவுண்டரிலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் நாம் நின்றுகொண்டே வேலையை முடித்துக்கொண்டு வருகிறோம். சேலை எடுத்துப் போடுகிற பெண் உட்கார்ந்தால் மட்டும் ஏன் மரியாதை குறைகிறது?

இதில் பழைய வாசனை ஒன்று இருக்கிறது. யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது நம் ஊர்களில் என்றைக்குமே சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியில், ஓட்டு வாங்கி ஜெயித்து வந்த தலித் பெண் தலைவரையே கூட்டத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்களுக்கு நாற்காலி. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மனசோடு நீங்கள் கடை நடத்துகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையைக் கட்டி நிற்பதுதான் மரியாதை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள்.

சட்டத்தில் இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, அவை உங்களுக்கே தெரியும். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. நான்கு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் ஓய்வு. இந்தியாவிலேயே முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் கொண்டாடியது நம் சென்னையில்தான். நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா இங்கே நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதால் அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியை ஹாஸ்டல் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "நாம இப்பவே அவ்வளவு நேரம்தானே பாக்குறோம்?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கேட்கவில்லை. அன்றைக்குக் கூட்டம் நெருக்கும், நாங்களும் ஓடி ஓடித்தான் விற்போம், அதில் ஒரு சந்தோஷமும் உண்டு. நான் கேட்பது முகூர்த்தம் இல்லாத மார்கழியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்தைப் பற்றி. பிரிவில் ஆள் இருக்காது, ஏ.சி. சத்தம் மட்டும் கேட்கும், பதினோரு பெண்கள் பொம்மைகளோடு பொம்மையாக வரிசையில் நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் உட்கார்ந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஆன்லைன் வியாபாரம் கடைகளைச் சாப்பிடுகிறது என்று கவலைப்படுகிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் பெண்கள் ஏன் இன்னும் கடைக்கு வருகிறார்கள்? சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்தி, "உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்குக்கா" என்று சொல்ல அங்கே ஒரு பெண் இருக்கிறாள். போனில் அவள் கிடைக்க மாட்டாள். காலையில் அவளுக்கு இருக்கிற சிரிப்பு சாயங்காலமும் இருக்க வேண்டும் என்றால் நடுவில் அவள் கொஞ்சம் உட்கார வேண்டும்.

வருடா வருடம் மே 5 அன்று வணிகர் தின மாநாடு நடத்துகிறீர்கள். அடுத்த மாநாட்டில் இதற்கும் ஒரு தீர்மானம் போடுங்கள். ஆளுக்கொரு இருக்கை. கஸ்டமர் இல்லாதபோது உட்கார்ந்தவளை யாரும் அதட்டக் கூடாது என்று சூப்பர்வைசர்களுக்கு எழுத்தில் உத்தரவு. கழிப்பறைக்குப் போக யாரிடமும் கேட்க வேண்டாம் என்ற ஒரு வரி. நான் இப்போது பிளவுஸ் தைக்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன், ஒரு பெண் என்னிடம் வேலை பார்க்கிறாள். சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு உள்ள கஷ்டம் எனக்கும் கொஞ்சம் தெரியும். இதற்குப் பெரிய செலவு ஆகாது.

என்னோடு நின்ற தோழி இன்னும் அதே பிரிவில்தான் இருக்கிறாள். அனுப்புவதற்கு முன் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தன் பேர் எங்கேயும் வந்துவிடக் கூடாது என்றாள். அப்புறம் ஒன்றே ஒன்று சேர்க்கச் சொன்னாள்: "ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லைன்னாலும் பரவாயில்ல. ஆனா கேமராவுக்குத் தெரியுற இடத்துல போடச் சொல்லு. ஒளிஞ்சு உட்கார வேணாம்."

இப்படிக்கு,
சேலைப் பிரிவில் நான்கு வருடம் நின்ற ஒருத்தி