பட்டயம் யார் கையில்?

ஆசிரியருக்கு, வணக்கம்.

கிறிஸ்தவ விசுவாசம் குடும்பங்களைச் சேர்க்கிறதா பிரிக்கிறதா என்று கேட்ட உங்கள் கட்டுரை, மத்தேயு 10:34-ஐக் காட்டி, ‘பட்டயத்தையே (வாளையே) அனுப்பவந்தேன் என்று இயேசுவே சொல்லிவிட்டாரே’ என முடிந்திருந்தது. விசுவாசியான எனக்கு அது வலித்தது. எங்களவர்களே அந்த வசனத்தைச் சொல்லி வீட்டாரை ஒதுக்குவதைப் பார்க்கையில் இன்னும் அதிகம் வலிக்கிறது.

அந்த அதிகாரத்தை முழுதாக வாசியுங்கள். ஓநாய்களுக்குள்ளே ஆடுகளை அனுப்புவதுபோல அனுப்புகிறேன் என்றுதான் இயேசு தம் சீஷர்களிடம் சொல்கிறார். அடிபடப் போகிறவர்களுக்குத் தந்த முன்னெச்சரிக்கை அது. அடிக்கக் கொடுத்த அனுமதி அல்ல. அதே சுவிசேஷத்தின் 26-ஆம் அதிகாரத்தில், கூட இருந்த ஒருவர் நிஜமாகவே பட்டயத்தை உருவியபோது, உறையில் போடு என்று தடுத்தவரும் அவர்தான்.

அப்போஸ்தலர் பவுல் இதைக் குடும்பத்துக்கே நேராகச் சொல்கிறார். மனைவி விசுவாசியாக இல்லாவிட்டாலும், சேர்ந்து வாழ அவளுக்குச் சம்மதமானால் கணவன் தள்ளிவிடக் கூடாது. மனைவிக்கும் அதே விதி (1 கொரிந்தியர் 7:12-13). விசுவாசத்தைத் தேர்ந்துகொண்டவருக்கு உறவை முறிக்கும் உரிமை இங்கே இல்லை.

ஒரு வீட்டில், ஞானஸ்நானம் பெற்ற மகள் சாப்பிடும்முன் கண்மூடி ஜெபிக்கிறாள். அந்த அரை நிமிடம், அந்த விசுவாசத்தில் சேராத அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். அம்மா எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, மகளும் எதையும் மறைக்கவில்லை. ‘நீங்களும் கண்ணை மூடுங்கள்’ என்று மகளோ, ‘என் வீட்டில் இது நடக்காது’ என்று அம்மாவோ சொல்லியிருந்தால் அந்தச் சாப்பாட்டு மேசை அன்றே உடைந்திருக்கும்.

திருச்சபைகளின் கதையும் இதுதான். 1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில், திருச்சபைச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்ளியும் பதினான்கு விஷயங்களில் ஒத்துப்போனார்கள். நற்கருணையில், அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில், கிறிஸ்து எவ்விதம் இருக்கிறார் என்ற ஒன்றில் முட்டிக்கொண்டு பிரிந்தார்கள். நற்கருணையைப் பற்றி! அவர்கள் கருத்தில் வேறுபட்டதை நான் குறை சொல்லவில்லை, மனசாட்சி சம்பந்தப்பட்டது. ஆனால், ஸ்விங்ளியைச் சகோதரராக ஏற்க லூத்தர் மறுத்ததை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 1054-இல் மேற்குத் திருச்சபையின் ரோமும் கிழக்குத் திருச்சபையின் கான்ஸ்டாண்டிநோபிளும் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்ட சபைவிலக்கச் சாபங்களைப் போப் ஆறாம் பவுலும் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைவரான மறைமுதுவர் அத்தெனகோராஸும் 1965-இல்தான் நீக்கினார்கள். கோட்பாட்டு வேறுபாடுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. அவை தீரும்வரை காத்திராமலே சாபத்தை எடுக்க முடிந்தது.

போதகர்களிடம் உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். ஞானஸ்நான ஆயத்த வகுப்பில் மத்தேயு 10-ஐக் கற்பிக்கும் அன்றே 1 கொரிந்தியர் 7-ஐயும் திறக்கச் சொல்லுங்கள். வீட்டில் இதை எப்போது, எப்படிச் சொல்லப் போகிறாய் என்றும் அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்