மறுத்துச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அந்தமான் தீவுகளில் எங்கள் குடும்பத்துக்குத் துணைநின்ற அனைவருக்கும்,

வணக்கம்.

மாமனார், மாமியார், கணவர், இரு பிள்ளைகள், நான் என மூன்று தலைமுறையாகக் கிளம்பி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து ஹேவ்லாக் எனப் பலரும் இன்னும் அழைக்கும் ஸ்வராஜ் தீவுக்கும், நீல் எனப்பட்ட ஷஹீத் தீவுக்கும் கப்பலேறிச் சென்று, கடற்கரைகளில் மனம் நிறையத் திரிந்து, நலமாக வீடு திரும்பியிருக்கிறோம். நலமாகத் திரும்பியது எங்கள் சாமர்த்தியத்தால் அன்று. வழியில் சந்தித்த பலர், நாங்கள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டாமல், தேவையான இடங்களில் "வேண்டாம்", "இப்போது முடியாது", "நாளைக் காலையில் பார்க்கலாம்" என்று உறுதியாகச் சொன்னதால்தான் அது நடந்தது. சுற்றுலாப் பயணிக்கு மறுப்புச் சொல்வதால் யாருக்கும் வருமானம் கூடுவதில்லை. பல நேரங்களில் குறையவே செய்கிறது. அப்படியிருந்தும் சொன்னவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

கப்பல் பயணச்சீட்டு வழங்கும் இடத்தில் இருந்த அம்மையாரே, முதல் நன்றி உங்களுக்கு. ஊர் திரும்பும் விமானம் பிற்பகலில்தானே, அன்று காலை தீவிலிருந்து கப்பலேறினால் போதுமே என்று எண்ணி அதற்கேற்பச் சீட்டுக் கேட்டோம். எங்கள் அடையாள அட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டே நீங்கள் விமான நேரத்தைக் கேட்டீர்கள். பிறகு, முந்தைய நாளே திரும்பிவிடுமாறு தமிழில் எடுத்துச் சொன்னீர்கள். ஸ்ரீ விஜயபுரத்துக்கும் ஸ்வராஜ் தீவுக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான் என்றாலும், இடைப்பட்டது திறந்த கடல்; காற்று வலுத்தால் பயணிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் மாற்று வழி இல்லை என்று நீங்கள் விளக்கியபோது, பின்னால் நின்ற வரிசை நீண்டுகொண்டிருந்தது. நாங்கள் திரும்பிய மறுநாள் காற்று எழுந்து கப்பல்கள் நிறுத்தப்பட்டன. விடுதி அறையில் அந்தச் செய்தியைக் கேட்டபோது, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டோமே என்றுதான் என் மாமியார் வருந்தினார்.

அரசுக் கப்பலில் பணியிலிருந்த மூத்த ஊழியர் ஐயாவுக்கும் மாமியார் சார்பில் தனி நன்றி. கடலை நன்றாகப் பார்க்கலாம் என்று கப்பலின் முன்பகுதியில் போய் அமர்ந்திருந்த அவரை, கப்பல் துறையை விட்டு நகரும் முன்பே எழுப்பி, நடுப்பகுதியில் சற்றுப் பின்தள்ளி அமரவைத்தீர்கள். அப்போது அவர் முகம் சுளித்தது உண்மை. அலை வந்தால் கப்பலின் இரு முனைகளும் ஏறி இறங்கும், நடுவில்தான் ஆட்டம் குறைவு என்பதையும், காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவை உணரும்போது கண் அசையாத இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தால் மூளை குழம்பித் தலைசுற்றல் வரும் என்பதையும், அதனால் கைப்பேசியை மூடிவைத்துவிட்டுத் தொடுவானத்தைப் பார்க்க வேண்டும் என்பதையும் நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். உங்கள் பேச்சைக் கேட்ட மாமியார் தெளிவாக இருந்தார். கேளாமல் கைப்பேசியில் மூழ்கியிருந்த என் கணவருக்கு வாந்தி வந்தபோதும், "நான் அப்போதே சொன்னேனே" என்று ஒரு சொல்லும் சொல்லாமல் பையும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். பெருந்தன்மை என்பதற்கு எங்கள் வீட்டில் இப்போது அதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம்.

ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை உயிர்காப்பாளர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2004இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரையாகத் தேர்ந்தெடுத்ததும், 2020இல் இந்தியாவில் முதன்முதலாக, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்று பெற்ற எட்டுக் கடற்கரைகளுள் ஒன்றுமாகிய அந்த இடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டே இவ்வளவு தூரம் சென்றோம். ஆனால் அங்கே பொழுது சாயும் வேகம் நாங்கள் எதிர்பாராதது. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. அந்தமானோ அதற்கு ஏறக்குறைய பத்துப் பாகை கிழக்கே இருக்கிறது. பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், கடிகாரத்தைவிடச் சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. குளிர்காலத்தில் ஐந்து மணியை ஒட்டியே அது கடலில் இறங்கிவிடும். மணி ஐந்துகூட ஆகவில்லையே என்று பிள்ளைகள் நீரில் ஆடிக்கொண்டிருந்தபோது உங்கள் ஊதல் ஒலித்தது. இன்னும் ஐந்து நிமிடம் என்று கெஞ்சிய என் மகனிடம் நீங்கள் அதட்டிப் பேசவில்லை; கையைப் பிடித்து அழைத்துச் சென்று எச்சரிக்கைப் பலகையில் வரைந்திருந்த முதலையைக் காட்டினீர்கள். அத்தீவுகளின் ஓடைகளிலும் அலையாத்திக் காடுகளிலும் உப்புநீர் முதலைகள் வாழ்கின்றன என்றும், அவை கடலிலும் நெடுந்தூரம் நீந்தவல்லவை என்றும், மங்கலான வெளிச்சத்தில் நீருக்குள் இருப்பது எதுவும் கரையில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது என்றும் அவனுக்குப் புரியும்படி சொன்னீர்கள். அதன்பின் அவன் எந்தக் கடற்கரையில் இறங்கினாலும் முதலில் பலகையைத் தேடினான். அதில் எழுதியிருந்ததை எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டவும் தொடங்கினான். அந்தப் பழக்கம் இனி அவனைவிட்டுப் போகாது என்றே தோன்றுகிறது.

அதே தீவின் எலிஃபன்ட் கடற்கரையில் எங்களை நீருக்கடியில் பவளப்பாறை காட்ட அழைத்துச் சென்ற இளைஞரே, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குக் காரணங்கள் பல. என் மகளுக்கு நீச்சல் தெரியும். அதனால் லைஃப் ஜாக்கெட் தேவையில்லை என்று அவளும் வாதிட்டாள், நானும் வாதிட்டேன். "ஜாக்கெட் இல்லையென்றால் நான் வரமாட்டேன், பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றீர்கள். நீச்சற்குளத்தில் நீந்துவது வேறு, நீரோட்டம் உள்ள இடத்தில் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயுமாகக் கீழே பார்த்துக்கொண்டே மிதப்பது வேறு என்பது, நீரில் இறங்கிய சில நிமிடங்களிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. களைப்பு வந்தவர்கள் இயல்பாகக் காலூன்ற இடம் தேடுவார்கள். அங்கே காலுக்குக் கிடைப்பது பவளம்தான். அது கல் அன்று, சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய கூடு. கிளைவிட்டு வளரும் வகைகளே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் பத்துச் சென்டிமீட்டர் அளவுதான் வளரும், உருண்டையாகத் திரளும் வகைகளுக்கு ஓராண்டில் ஒரு சென்டிமீட்டர் வளர்வதே பெரிது என்று நீங்கள் கரையிலேயே சொல்லிவிட்டதால், மிதவை வளையத்தை விட்டு எங்கள் கால்கள் கீழே இறங்கவேயில்லை.

இடையிடையே வெளுத்துக் கிடந்த பகுதிகளையும் நீங்கள் மறைக்காமல் காட்டினீர்கள். அழகானவற்றை மட்டும் காட்டிக் கரையேற்றியிருந்தால் நாங்கள் அறிந்திருக்கமாட்டோம். கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி அந்த வெப்பம் வாரக்கணக்கில் நீடித்தால், பவள உயிர்கள் தமக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன, அதுவே வெளுப்பு. 1998இலும் 2010இலும் 2016இலும் அந்தமான் பவளங்கள் அப்படி வெளுத்தன. வெளுத்த பவளம் உடனே இறந்துவிடுவதில்லை, நீர் குளிர்ந்தால் மீளவும் கூடும் என்று நீங்கள் சொன்னபோது உங்கள் குரலில் இருந்த அக்கறையை என் மகள் கவனித்திருக்கிறாள். பள்ளியில் எழுத வேண்டிய அறிவியல் கட்டுரைக்கு அதையே பொருளாக எடுத்திருக்கிறாள்.

ஷஹீத் தீவின் ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கு அடுத்த நன்றி. லட்சுமண்பூர் கடற்கரைப் பக்கம் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று நாங்கள் மாலையில் கேட்டபோது, "இப்போது நீர் ஏறிக்கொண்டிருக்கிறது, அழைத்துப் போகமாட்டேன்" என்று மறுத்து, மறுநாள் காலை நீர் வற்றும் நேரத்தைச் சொல்லி, அந்நேரத்துக்கு முன்பே விடுதி வாசலில் வந்து நின்றீர்கள். கடல் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகிறது, அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகிறது என்பதையெல்லாம் நாங்கள் பாடநூலில் படித்து மறந்திருந்தோம். நீங்களோ அதை வைத்தே அன்றாட வேலையை அமைத்துக்கொள்கிறீர்கள். நீர் வற்றிய பிறகு அங்கே நடப்பது கூரான பாறைமீது நடப்பது. செருப்பைக் கழற்ற வேண்டாம் என்றீர்கள். முழங்கால் வலி உள்ள என் மாமனாரிடம், "ஐயா, இது உங்களுக்கு வேண்டாம்" என்று நேராகவே சொன்னீர்கள். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல எங்கள் வீட்டில் இதுவரை யாருக்கும் துணிவு வந்ததில்லை! அவரைப் பரத்பூர் கடற்கரையில் கண்ணாடித் தளம் பொருத்திய படகில் ஏற்றிவிட்டு நீங்கள் வந்ததனால், நாங்கள் பாறைக் குட்டைகளில் கடல் அட்டையும் சிறு மீன்களும் பார்த்துக்கொண்டிருந்த அதே வேளையில், அவர் நனையாமல் உட்கார்ந்தபடியே எங்களைவிட அதிகமாகப் பார்த்துவிட்டார். அன்று இரவு முழுவதும் அதைப் பற்றியே பேசினார்.

அத்தீவின் அரசு ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் சகோதரியே, கடல் முள்ளெலியின் கரிய முள் குதிகாலில் ஏறி அலறிய என் கணவரைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, கூட வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கல்லால் தட்டி முள்ளை உள்ளேயே நொறுக்க வேண்டும் என்றார் ஒருவர். அதைத் தடுத்து, பொறுக்கக்கூடிய சூட்டில் இருந்த வெந்நீரில் காலை அமிழ்த்திவைத்து, வலி தணிந்த பின் வெளியே தெரிந்த முள் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, ஆழத்தில் இருப்பதைத் தோண்ட மறுத்து, டெட்டனஸ் ஊசியும் போட்டு அனுப்பினீர்கள். காலில் வீக்கம் தங்கினால் உடனே மருத்துவரைப் பார்க்கச் சொன்னீர்கள். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

எங்களுக்குத் தங்க இடம் கொடுத்த வங்காளப் பாட்டியம்மாவுக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தவை சில இந்திச் சொற்களும் கையசைவுகளும் மட்டுமே. அவையே போதுமானவையாக இருந்தன. புறப்படும் நாளுக்கு முந்தைய இரவு பிள்ளைகளின் பைகளைத் தாமே சோதித்து, அவர்கள் சேர்த்துவைத்திருந்த பவளத் துண்டுகளையும் சிப்பிகளையும் எடுத்து மேசைமேல் பரப்பினார். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பவளத்தை எடுத்துச் செல்வது குற்றம் என்பதை அவர் விளக்க முயன்ற விதம், இரு மணிக்கட்டுகளையும் சேர்த்துவைத்து விலங்கு மாட்டியதுபோலக் காட்டியதுதான். வெற்றுச் சங்குகளுக்கும் உரிமையாளர் உண்டு என்பதை, ஒரு துறவி நண்டு சங்கைச் சுமந்துகொண்டு முற்றத்தில் போனபோது சுட்டிக்காட்டினார். மறுநாள் காலையில் பிள்ளைகளே அவற்றையெல்லாம் கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

இவர்களைத் தவிர, படகுத்துறையில் மாமனாரின் சக்கர நாற்காலியைப் படிகளில் தூக்கிக்கொடுத்த பெயர் தெரியாத தொழிலாளர்களுக்கும், 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் மூவரே உட்காரும் விசிப்பலகையில் எங்கள் பெரியவர்கள் இருவருக்கும் இடம்விட்டு எழுந்து நின்ற கல்லூரி மாணவர்களுக்கும், திரும்பும் கப்பலில் என் மகனுக்குத் தம் சன்னலோர இருக்கையைக் கொடுத்த பெரியவருக்கும் எங்கள் நன்றி உரியது.

பவளப்பாறை காட்டிய தம்பிக்கு ஒரு செய்தி: நீங்கள் நீருக்கடியில் எடுத்துக்கொடுத்த படங்களில் நீங்களும் இருப்பவற்றை மட்டும் அச்சிட்டு, உங்கள் தாயாருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தீர்களே, அவற்றைப் படகுச் சங்கத்தின் முகவரிக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம். பாட்டியம்மாவிடம் இரவல் வாங்கி எங்கள் பெட்டியோடு வந்துவிட்ட குடையும் அதே பொதியில் இருக்கிறது. ஷஹீத் தீவுக்குப் போகும்போது அதை அவரிடம் சேர்த்துவிடுங்கள்.

நன்றியுடன்,
தங்கள் தீவுகளுக்கு விருந்தினராக வந்துசென்ற குடும்பத்தார்