பாலத்துக்கு அப்புறம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். சங்கத்துச் செயலாளர் பொறுப்பிலிருந்து உன்னை இறக்கிவிட்டார்கள். இறக்கியவர்கள் வெளியாட்கள் இல்லை, உன்னோடு சேர்ந்து ராத்திரியெல்லாம் போஸ்டர் எழுதியவர்கள். நிர்வாகத்தோடு நீ தணிந்து பேசுகிறாய் என்பது அவர்கள் சொன்ன காரணம். 'இனி எனக்கு எந்தச் சங்கமும் வேண்டாம்ப்பா, ஆராய்ச்சியை முடித்தால் போதும்' என்று முடித்திருந்தாய்.

அம்மா "நல்லதாப் போச்சு" என்கிறாள். வங்கி வேலையில் இருந்தவரை வாயிற்கூட்டத்துக்கும் செயற்குழுவுக்கும் அலைந்தவன் நான். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அதற்காக உனக்குப் புத்திமதி சொல்லவும் மனசில்லை. உன் ஊர்க்காரர் ஒருவருடைய கதையை மட்டும் எழுதுகிறேன். போன தடவை வந்தபோது டிகேட்டரில் பழைய கோர்ட்டு வாசலில் ஒரு சிலை பார்த்தோமே, கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடிய ஜான் லூயிஸ். அடிமை முறைக்காகச் சண்டை போட்டவர்களின் நினைவாக 1908இல் வைத்த தூண் இருந்த இடம் அது. 2020இல் தூணை எடுத்தார்கள், 2024இல் இவர் சிலையை வைத்தார்கள்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள், 1965இல் வாக்குரிமை கேட்டு நடந்தபோது போலீஸ் அவர் மண்டையை உடைத்த செல்மா பாலத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன்.

1966 மே மாதம். 'ஸ்னிக்' என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டம், டென்னஸி மாநிலத்தில். லூயிஸ் மூன்று வருஷமாகத் தலைவர். அன்று ராத்திரியும் அவரைத்தான் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். பாதிப் பேர் படுக்கப் போன பிறகு ஒருவர் எழுந்து தேர்தல் முறையாக நடக்கவில்லை என்று ஆட்சேபித்தார். வாக்குவாதம் விடியும்வரை நீண்டது. மறுவாக்கெடுப்பு நடந்தது, அவரைவிடத் தீவிரமாகப் பேசிய ஸ்டோக்லி கார்மைக்கேல் தலைவரானார். லூயிஸுக்கு அப்போது வயது 26. மண்டை உடைந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கோடு ரொம்ப ஒட்டுகிறார், வெள்ளை மாளிகைக் கூட்டங்களுக்குப் போகிறார், இன்னும் அகிம்சை அகிம்சை என்கிறார் என்பதெல்லாம் அவர்மேல் இருந்த குறை. நம் சங்கத்திலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் நடந்த வாக்கெடுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். தூக்கம் வராதவன்தான் அதில் ஜெயிப்பான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூன்று வருஷம் முன்பு இதே மனிதரைப் பெரியவர்கள் அடக்கி வைக்க வேண்டியிருந்தது. 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன் பேரணி. கிங் தன் கனவைச் சொன்ன அதே மேடை. பேசியவர்களில் இவர்தான் இளையவர், வயது 23. இவர் எழுதிக்கொண்டு வந்த உரையில் கென்னடி அரசின் சிவில் உரிமை மசோதா போதாது, அதை ஆதரிக்க முடியாது என்று இருந்தது. உள்நாட்டுப் போரில் தெற்கை எரித்துக்கொண்டு போன தளபதி ஷெர்மனைப்போல நாங்களும் தெற்கின் வழியே நடப்போம் என்றும் ஒரு வரி இருந்தது. அதைப் படித்த கத்தோலிக்கப் பேராயர் மேடைக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். லிங்கன் சிலைக்குப் பின்னால் நின்றுகொண்டு உரையைத் திருத்தினார்கள். 74 வயது தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப், இந்த ஒரு நாளுக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவர், கேட்டுக்கொண்ட பிறகுதான் லூயிஸ் இறங்கி வந்தார். அன்று காரம் ஜாஸ்தி என்றார்கள், மூன்று வருஷத்தில் காரம் போதாது என்றார்கள். நடுவில் அந்த ஆள் அப்படியேதான் இருந்தார்.

அகிம்சை அவருக்கு மென்மையான சுபாவத்தால் வந்தது என்று நினைத்துவிடாதே. அது பயிற்சி. அலபாமாவில் ட்ராய் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பம், பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது. 1944இல் அப்பா 300 டாலருக்கு 110 ஏக்கர் வாங்கினார். பிரசங்கியாக வேண்டும் என்று கோழிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகிய பையன், இறையியல் படிக்க நாஷ்வில் போனான். அங்கே ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் போதகர் ஒரு சர்ச்சில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறையில் இருந்தவர். பிறகு மூன்று வருஷம் நம் நாக்பூரில் இருந்து காந்தியின் வழியைப் படித்துவிட்டுப் போனவர். பஸ்ஸில் காட்டிய பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பர்கள் நடத்திய மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு பற்றி அவருக்குத் தெரிய வந்ததே நாக்பூரில் பேப்பர் படித்துத்தான்.

அந்த வகுப்பில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. பாதி மாணவர்கள் போராடுகிறவர்களாக உட்காருவார்கள், மீதிப் பேர் ரவுடிகளாக நடிப்பார்கள். முகத்தில் சிகரெட் புகை விடுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள், வாயில் வரக்கூடாத வசை எல்லாம் வரும். விழும்போது தலையை எப்படிக் காப்பது, அடிக்கிறவன் கண்ணை விடாமல் எப்படிப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவன் அடி வாங்கும்போது குறுக்கே எப்படிப் படுப்பது, எல்லாவற்றுக்கும் ஒத்திகை. 1960 பிப்ரவரியில் கடைகளின் சாப்பாட்டுக் கவுன்டர்களில் போய் உட்கார்ந்தார்கள். கறுப்பர்கள் அந்தக் கடையில் சாமான் வாங்கலாம், உட்கார்ந்து சாப்பிட மட்டும் கூடாது. லூயிஸும் பெர்னார்டு லஃபாயெட்டும் விதிகளை எழுதிக் கொடுத்தார்கள்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, சத்தமாகச் சிரிக்காதே, நிமிர்ந்து கவுன்டரைப் பார்த்து உட்கார். பிப்ரவரி 27 அன்று முதல் கைது. மே மாதம் கவுன்டர்கள் திறந்தன.

அந்தக் கைது வீட்டில் என்ன செய்தது தெரியுமா? அப்பா அம்மாவுக்கு அவமானம், பயம். அந்தக் கும்பலை விட்டு விலகு, நீ படிக்கத்தானே போனாய் என்று அம்மா கடிதம் எழுதினார். உன் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அந்தப் பொம்பளைக்கு அறிவு இருந்திருக்கு" என்றாள்!

அடுத்த வருஷம், 1961 மே. வெளியூர் பஸ்களிலும் பஸ் நிலையங்களிலும் கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியும் தெற்கில் யாரும் மதிக்கவில்லை. அதைச் சோதிக்க 13 பேர், கறுப்பரும் வெள்ளையருமாக, வாஷிங்டனிலிருந்து பஸ் ஏறினார்கள். தென் கரோலினாவின் ராக் ஹில் பஸ் நிலையத்தில் வெள்ளையர் கூடத்துக்குள் போன லூயிஸை அடித்துக் கீழே தள்ளினார்கள். புகார் கொடுக்கிறாயா என்று போலீஸ் கேட்டது, வேண்டாம் என்றார். அடித்தவர்களில் ஒருவர் எல்வின் வில்சன். 2009இல் தன் மகனோடு லூயிஸின் அலுவலகத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். லூயிஸ் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்கு இது வராது. என்னை மாற்றல் போட்ட அதிகாரியை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். அது வேறு கதை.

செல்மாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மாவட்டத்தில் பாதிக்கும் மேல் கறுப்பர்கள், அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தது நூற்றுக்கு இரண்டு பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறந்திருக்கும். போனால் படிக்கத் தெரியுமா என்று பரீட்சை, ஏதாவது சொல்லி ஃபெயில். தடுப்பதற்குத் தடி தேவையில்லை, ஒரு கிளார்க் போதும். இதை ஒரு பழைய கிளார்க் சொல்கிறேன். 1965 மார்ச் 7, சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடந்தார்கள். முன்வரிசையில் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும். ஜெயிலுக்குப் போவோம் என்று நினைத்து முதுகுப் பையில் இரண்டு புத்தகம், ஒரு ஆப்பிள், ஒரு ஆரஞ்சு, டூத் பிரஷ் வைத்திருந்தார். மாநிலப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் கலைத்தது. இவர் மண்டை உடைந்தது. அன்று ராத்திரி அமெரிக்கா முழுக்க டிவியில் பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

அப்படிப்பட்ட ஆளைத்தான் அடுத்த மே மாதம் இறக்கினார்கள். மனசு ஒடிந்துதான் போனார், மறைக்கவில்லை. கொஞ்ச நாள் நியூயார்க்கில் வேலை பார்த்தார், அப்புறம் தெற்குக்கே திரும்பினார். 1970இலிருந்து ஏழு வருஷம் வாக்காளர் கல்வித் திட்டம் என்ற அமைப்பை நடத்தினார். சட்டம் வந்துவிட்டது, ஆட்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாமா? கிராமம் கிராமமாகப் போய், சர்ச் சர்ச்சாகக் கூட்டம் போட்டு, மிரட்டலுக்குப் பயந்தவர்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகிற வேலை. இதற்குப் புகைப்படம் கிடையாது, சிலையும் கிடையாது. மிசிசிப்பியில் 1965க்கு முன் கறுப்பர்களில் 7 சதவீதம்கூடப் பதிவாகவில்லை. இரண்டே வருஷத்தில் அது 60 சதவீதத்தை நெருங்கியது. அந்த வேகம் அடங்கிவிடாமல் பார்த்துக்கொண்டவர்களில் இவர் ஒருவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இந்த ஏழு வருஷத்தில்தான்.

1977இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். 1981இல் அட்லாண்டா நகர மன்றம். 1986இல் மறுபடி நாடாளுமன்றம். இந்தத் தடவை எதிரே நின்றது ஜூலியன் பாண்ட், ஸ்னிக் காலத்து நெருங்கிய நண்பர். அழகன், பேச்சாளர், எல்லோரும் அவர்தான் ஜெயிப்பார் என்றார்கள். விவாதத்தில் லூயிஸ், வா, இரண்டு பேரும் போதைமருந்துப் பரிசோதனை செய்துகொள்வோம் என்று சவால் விட்டார். சுமார் 52க்கு 48 என்று ஜெயித்தார். நட்பு உடைந்தது. அந்தச் சவால் எனக்குப் பிடிக்கவில்லை, பாப்பா. அடித்தவனைக் கட்டிப்பிடித்தவருக்கு நண்பனிடம் அது தேவையா? சிலையைப் பார்த்து அவரைச் சாமியாக்கிவிடாதே என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். சபைக்குப் போனவர் சாகும்வரை, 17 முறை, அதே தொகுதியில் ஜெயித்தார்.

சபையில் என்ன சாதித்தார் என்று கேட்டால் பட்டியல் சின்னதுதான். ஆனால் ஒன்றைப் பார். ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்றுக்குத் தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்று 1988இல் மசோதா கொண்டுவந்தார். நகரவில்லை. அடுத்த சபையில் மறுபடி, அதற்கடுத்ததில் மறுபடி. ஒரு கட்டத்தில் செனட்டில் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் முட்டுக்கட்டை போட்டார். எதிர்க்கட்சி ஆட்களைப் பிடித்து, பேசி, தணிந்து, கடைசியில் 2003இல் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். கட்டடம் திறந்தது 2016இல். அதற்குள் இவருக்கு 76 வயது. அதே வருஷம் ஜூனில், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு வாக்கெடுப்பு வைக்கச் சொல்லி, சபையின் தரையில் உட்கார்ந்துவிட்டார், நாஷ்வில்லில் உட்கார்ந்த மாதிரியே. ஒரு நாளுக்கு மேல் நடந்தது. வாக்கெடுப்பு வரவில்லை.

ஜெயித்ததும் அப்படியே நிற்கவில்லை. தேர்தல் விதிகளை மாற்ற முன்அனுமதி வாங்க வேண்டிய மாநிலங்கள் எவை என்று தீர்மானித்த, வாக்குரிமைச் சட்டத்தின் பிரிவை 2013இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மண்டையைக் கொடுத்து வாங்கிய சட்டத்தில் பாதி உயிர் போனது. சரி என்று வீட்டுக்குப் போகவில்லை, மறுபடி மசோதா எழுத உட்கார்ந்தார். 2020 ஜூலை 17 அன்று கணையப் புற்றுநோயில் இறந்தார். அவர் பெயரில் வந்த மசோதா 2021இல் கீழ்ச்சபையில் நிறைவேறி செனட்டில் நின்றுபோனது.

உன்னை இறக்கியவர்கள் சொன்னது சரியா தப்பா என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. கார்மைக்கேல் பக்கம் நின்றவர்களுக்கும் நியாயம் இருந்தது, அவர்களும் அடி வாங்கியவர்கள்தான். உறுப்பினர் அட்டையை மட்டும் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காதே. சம்பளப் பாக்கி மனுக்களை எழுதியது நீதானே, அதைத் தொடர ஆள் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் பொறுப்பு இல்லாமலே எழுது. வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு, நான் ஏன் என்று கேட்கமாட்டேன்.

டிசம்பரில் வரும்போது செல்மா போக வேண்டும். காரில் மூன்றரை மணி நேரமாமே? அம்மாவை நான் சம்மதிக்க வைக்கிறேன். பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொண்டுவருகிறோம். வேறு என்ன வேண்டும் என்று சொல்.

அன்புடன்,
அப்பா