மல்லிகாவுக்கு, அயோவாவிலிருந்து

டி மாய்ன், அயோவா, அமெரிக்கா,
மார்ச் 14

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. குறுவட்டக் கூடைப்பந்துப் போட்டியில் உன் பிள்ளைகள் ஜெயித்ததைப் படித்ததும் கோப்பையை நானே வாங்கியதுபோல இருந்தது. உடனே எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி போட்டிருந்தாயே, "அங்கே ஸ்கூல் பிள்ளைகளின் போட்டிகளை யார் நடத்துகிறார்கள், அரசாங்கமா?" என்று? அதற்கு இரண்டு வரியில் பதில் எழுத மனசு வரவில்லை. இந்த மாத ஆரம்பத்தில் மாநிலப் போட்டி முடியட்டும், பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பார்த்தேன். மகளையும் எதிர் வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மகளின் பள்ளி தகுதிச் சுற்றிலேயே வெளியேறிவிட்டது, அவளுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் வந்தாள். பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி ஐந்து பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு எட்டு அணி என்று மொத்தம் நாற்பது அணிகளை டி மாய்னுக்கு வரவைக்கிறார்கள். சின்னப் பிரிவில் வரும் சில பள்ளிகளுக்குப் பின்னால் ஊரே காலியாகி வந்திருக்கிறது என்று சொல்லலாம். மளிகைக்கடைக்காரர், தபால்காரர், தாத்தா பாட்டி எல்லாரும் ஒரே நிறத்துச் சட்டையில். பெண் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு, மல்லிகா! நம் இறுதி ஆட்டத்துக்கு யார் வந்தார்கள்? உன் தம்பியும், வாட்ச்மேன் தாத்தாவும்.

இந்தக் கூட்டம் நேற்று இன்று சேர்ந்ததில்லை. இங்கே பெண்களுக்கான முதல் மாநிலப் போட்டி 1920-ல் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்த அதே வருஷம். அப்போது ஆண், பெண் இரு தரப்பு ஆட்டத்தையும் ஒரே சங்கம்தான் கவனித்தது. 1925-ல் அந்தச் சங்கத்தின் கூட்டத்தில், இனிப் பெண்களின் போட்டியை நடத்த மாட்டோம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். கூட்டம் பார்க்க, கட்டணம் வாங்கிக்கொண்டு பெண்களைப் போட்டி போடவிடுவது அவர்கள் உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல் என்பது அந்தக் காலத்துப் படித்தவர்களின் கருத்து. அதைப் பரப்பியதில் பெண்களும் இருந்தார்கள். 1923-ல் தேசிய அமெச்சூர் விளையாட்டுக் கூட்டமைப்பின் மகளிர் பிரிவுக்குத் தலைமை தாங்கிய லூ ஹென்றி ஹூவர், பின்னாளில் ஜனாதிபதியின் மனைவியானவர், பிறந்ததே இந்த அயோவாவின் வாட்டர்லூ நகரத்தில்தான். எல்லாப் பெண்களும் விளையாட வேண்டும், ஆனால் கோப்பைக்காகக் கூடாது என்பது அவர்கள் கட்சி. நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அதனாலேயே பெரிய நகரத்துப் பள்ளிகள் அதைக் கேட்டுப் பெண்களின் ஆட்டத்தை விட்டுவிட்டன.

சின்ன ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. விவசாய ஊர்களும் நிலக்கரி ஊர்களும். மிஸ்டிக் என்ற ஊரைச் சேர்ந்த ஜான் ஏகன்ஸ் அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, பெண்கள் ஆட்டத்தை ஒழிக்கப் பார்ப்பவர்கள் ஓடிவரும் ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தின் நடுவில் நிற்பவர்கள் என்று எச்சரித்தாராம். பேசியதோடு விடவில்லை. அவரைப்போன்ற சில பள்ளி நிர்வாகிகள் சேர்ந்து பெண்களுக்கென்றே தனியாக ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் அயோவா உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் விளையாட்டுச் சங்கம். மார்ச் மாதப் போட்டியை நடத்துவது அவர்கள்தான்.

இதைப் படித்தபோது எனக்கு நம் பிளஸ் ஒன் வருஷம் ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது. குறுவட்டத்தில் ஜெயித்துவிட்டு மாவட்டப் போட்டிக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தோமே. கூட வர லேடி டீச்சர் யாரும் இல்லை, பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது என்று முதல் நாள் சாயங்காலம் சொல்லிவிட்டார்கள். தடை போட்டதாக யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள். நீ அன்றைக்குக் கிரவுண்டில் இருட்டும் வரைக்கும் தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருந்தாய். நான் பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். நம்மைத் தண்டவாளத்தில் நின்று மறித்தபோது எழுந்து பேச ஒரு ஏகன்ஸ் இல்லை.

அது 1987. அதே வருஷம் இங்கே வென்ச்சுரா என்கிற சின்ன ஊரில் லின் லோரன்சன் என்ற பெண் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறாள். நான்கு வருஷத்தில் அவள் போட்ட புள்ளிகள் 6,736.

எண்ணைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. அப்போது இங்கே பெண்கள் ஆடியது வேறு ஆட்டம். அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஃபார்வர்டு, மூன்று பேர் கார்டு. மைதானத்தின் நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. ஃபார்வர்டுகள் தங்கள் பாதியில் நின்று கூடை போடுவார்கள், கார்டுகள் மறுபாதியில் நின்று எதிரணியைத் தடுப்பார்கள், அவ்வளவுதான். பந்தை இரண்டு முறைக்குமேல் தட்டக் கூடாது. பெண்கள் மைதானம் முழுக்க ஓடினால் தாங்க மாட்டார்கள் என்று ஆரம்பத்தில் போட்ட விதி. ஆனால் அந்தப் பாதி மைதானத்துக்குள்ளேயே அவர்கள் வளர்த்த கை வேகத்தையும் பாஸ் போடும் நுணுக்கத்தையும் பழைய படச்சுருளில் பார்த்தேன். நீயும் பார்த்தால் உன் பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லிக்கொடுப்பாய்.

1968 இறுதி ஆட்டத்தைப் பற்றி இங்கே வயசானவர்கள் திருவிழாக் கதைபோலச் சொல்வார்கள். யூனியன்-விட்டன் பள்ளிக்கு டெனிஸ் லாங், எவர்லி பள்ளிக்கு ஜெனட் ஓல்சன். டெனிஸ் 64 புள்ளி, ஜெனட் 76. ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போய், யூனியன்-விட்டன் 113-க்கு 107 என்று ஜெயித்தது. அடுத்த வருஷம் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி டெனிஸைத் தேர்வுப் பட்டியலில் எடுத்தது. அந்த லீக்கின் தலைமை ஆணையர் செல்லாது என்று ரத்து செய்துவிட்டார்.

எதிர் வீட்டு அம்மா அந்த 1968 ஆட்டத்தை அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர். அதற்கு முந்தின வருஷம் வரை தானும் ஆடியவர். கார்டு. "நாலு வருஷம் ஆடினேன், ஒரு தடவைகூடக் கூடையில் பந்து போட்டதில்லை" என்றார். எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. போடவே முடியாது அல்லவா, அவர்கள் கூடை கோட்டுக்கு அந்தப் பக்கம்! ஆனால் அவர் குறையாகச் சொல்லவில்லை. தன் ஊரில் ஆம்பிளைப் பையன்களின் ஆட்டத்தைவிடத் தங்கள் ஆட்டத்துக்கே அதிகக் கூட்டம் வந்தது, தோற்று வந்த இரவிலும் தீயணைப்பு வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள், அந்த மரியாதை அதற்குப் பின் எங்கும் கிடைக்கவில்லை என்கிறார். 1993-ல் ஆறு பேர் ஆட்டம் நின்றபோது அழுதாராம்.

அது நின்ற கதையையும் சொல்கிறேன், உன் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. நாட்டில் மற்ற இடங்களில் பெரும்பாலும் ஐந்து பேர் ஆட்டம் வந்துவிட்டது. கல்லூரிகளும் அதைத்தான் ஆடின. கல்வி நிறுவனங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டத்துக்குப் பிறகு பெண்களுக்கும் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை கிடைக்கத் தொடங்கியது. பாதி மைதானமே ஆடிப் பழகிய கார்டுக்கு யார் உதவித்தொகை தருவார்கள்? 1983-ல் மூன்று பெண்கள் வழக்குப் போட்டார்கள். சங்கம் இறங்கி வந்தது. 1985-லிருந்து எந்த ஆட்டம் வேண்டும் என்று பள்ளிகளே தேர்ந்துகொள்ளலாம் என்றது. எட்டு வருஷம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. பிறகு ஐந்து பேர் ஆட்டம் மட்டும் மிஞ்சியது.

நம் இருவரையும் மாதிரிப் பெண்களுக்கு ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததும் அந்தச் சங்கம்தான், அறுபது வருஷம் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்ததும் அந்தச் சங்கம்தான். நான் பல நாள் இதை மனசில் போட்டு உருட்டினேன். வழக்குப் போட்ட பிள்ளைகள் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அதே நேரம், தனிச் சங்கம் இல்லாதிருந்தால் வழக்குப் போடுவதற்கு ஒரு ஆட்டமே மிஞ்சியிருக்காது. எதிர் வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

இனி, யார் நடத்துகிறார்கள் என்பது. அரசாங்கம் நேரடியாக நடத்துவதில்லை. பள்ளிகள் உறுப்பினராகச் சேர்ந்து அமைத்த லாப நோக்கமில்லாத சங்கம். பள்ளி நிர்வாகிகளிலிருந்தே நிர்வாகக் குழு. டிக்கெட் வருமானம் பெரிய பலம். இங்கே கூடைப்பந்தில் வந்த பணத்தில் சாஃப்ட்பால், ஓட்டம், கோல்ஃப், டென்னிஸ் என்று பெண்களுக்கே மற்ற ஆட்டங்களையும் வளர்த்தார்கள். வெய்ன் கூலி என்பவர் 1954 முதல் 2002 வரை அந்தச் சங்கத்தின் செயலாளராக இருந்து இதைக் கட்டி எழுப்பியிருக்கிறார். பெண்கள் சம்பாதித்த பணம் பெண்களிடமே தங்கியது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது அதுதான்.

யார் ஆடலாம், யார் கூடாது என்பதில் மட்டும் மாநிலக் கல்வித் துறையின் விதிகள் உண்டு. இருபது வயது ஆகியிருக்கக் கூடாது. பாடத்தில் தேற வேண்டும். பள்ளி மாறினால் 90 பள்ளி நாட்கள் பள்ளியின் முதல்நிலை அணியில் ஆட முடியாது. நாங்கள் இல்லினாயிலிருந்து இங்கே குடிவந்தபோது இந்த விதி எங்கள் வீட்டுக் கதவையே தட்டியது. குடும்பம் உண்மையாகவே வீடு மாறியிருந்தால் விலக்கு உண்டு என்று பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளர் விளக்கி, வாடகை ஒப்பந்தம் முதல் எல்லாக் காகிதமும் கேட்டார். மகள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நல்ல ஆட்டக்காரப் பிள்ளைகளைப் பள்ளிகள் ஆசை காட்டி இழுக்காமல் இருக்கத்தான் அந்த விதி என்று பிறகு புரிந்தது. கடுமைதான், ஆனால் தேவை.

நாடு முழுவதற்கும் இண்டியானாபொலிஸில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. ஆட்ட விதிப் புத்தகம் எழுதுவது அவர்கள். ஆனால் மாநிலச் சங்கம் சொன்னதுதான் முடிவு. அதனால் ஒரு மாநிலத்தில் சரி என்பது அடுத்த மாநிலத்தில் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த அமைப்புகள் நடத்தும் தேசியக் கோப்பை என்று ஒன்றும் கிடையாது, மாநிலத்தோடு சரி. உன் பிள்ளைகளுக்குக் குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், பிறகு தேசிய அளவு என்று ஏணி நீளமாக இருப்பதை மகளிடம் சொன்னேன். பொறாமைப்பட்டாள்.

இந்தச் சங்கங்கள் தவறு செய்தால் யார் கேட்பது என்று நீ கட்டாயம் கேட்பாய். மிச்சிகனில் நடந்ததைச் சொல்கிறேன். பெரும்பாலான மாநிலங்களில் கூடைப்பந்து குளிர்காலத்து ஆட்டம். மிச்சிகனிலோ ஜிம்மும் கோச்சும் ஆண் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் கிடைக்கட்டும் என்று பெண்களின் ஆட்டத்தை இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். நாடே கூடைப்பந்து பார்க்கும் மார்ச்சில் அந்தப் பெண்கள் மைதானத்திலேயே இல்லை. 1998-ல் சில தாய்மார்கள் சேர்ந்து மாநிலச் சங்கத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். 2001-ல் ஜெயித்தார்கள். சங்கம் மேல்முறையீடு மேல்முறையீடாகப் போய், 2007-ல் உச்ச நீதிமன்றம் இனிக் கேட்க மாட்டோம் என்ற பிறகுதான் காலம் மாறியது. வழக்குப் போட்டபோது ஆடிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதற்குள் கல்லூரியே முடிந்து போயிருக்கும். அந்தத் தாய்மார்கள் யாருடைய பிள்ளைகளுக்காகவோ ஒன்பது வருஷம் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள்.

இதே 2001-ல் டென்னசி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது. இப்படிப்பட்ட சங்கம் பெயருக்குத் தனியார் அமைப்பாக இருந்தாலும், உறுப்பினர்களில் பெரும்பாலோர் அரசுப் பள்ளிகள் என்பதால் அரசாங்கத்தைப் போலவே அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று. ஐந்துக்கு நான்கு நீதிபதிகள். ஒரே ஒருவர் வித்தியாசம்!

இறுதி ஆட்டம் முடிந்து ஜெயித்த பிள்ளைகள் வலையை வெட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். தோற்ற அணியில் ஒரு பெண், உயரம்கூட இல்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். அவளுடைய கோச் அம்மா பக்கத்தில் போய் எதுவும் பேசாமல் உட்கார்ந்தார். எனக்கு உன் முகம் தெரிந்தது. நீ ஏன் பி.டி. டீச்சர் ஆனாய் என்று ஊரில் எல்லாரும் கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மகள் ஒரு வேலை சொல்லியிருக்கிறாள். அவளும் அவள் அணிப் பிள்ளைகளும் சேர்த்து வைத்த பணத்தில் உன் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கி அனுப்ப வேண்டுமாம். பன்னிரண்டு பேரின் கால் அளவையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. ஜூனில் பள்ளி திறக்கும்போது கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அடுத்த தடவை மாவட்டப் போட்டிக்குப் பஸ் ஏறும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிள்ளைகள் மட்டும் நிற்கும் போட்டோ வேண்டாம், நீயும் நில். கூட வரும் டீச்சர் யார் என்று நான் பார்க்க வேண்டும்.

உன்,
சாந்தி